மருந்து ஸ்டோரின் பதிவேடு யார் கையில்?

போர்ட்டிக்சன் வட்டாரத்தில், புக்கிட் பெலண்டோக்கை ஒட்டி, தானா மேரா தோட்டம் இருக்கிறது. அதன் ஒரு பிரிவில் 1998 முதல் குவாலிட்டி ஆலாம் கழிவு நிலையம் இயங்கிவருகிறது. அபாயகரமான ரசாயனக் கழிவை எரிப்பதற்கும், கெட்டிப்படுத்துவதற்கும், பாதுகாப்பாகப் புதைப்பதற்கும் இந்த நாட்டில் முதன்முதலாக ஒரே இடத்தில் வசதி செய்யப்பட்டது அங்கேதான். தீபகற்பத்தின் ஏதோவொரு தொழிற்சாலை ஒதுக்கிய கரைப்பானும், ஏதோவொரு பல்கலைக்கழக ஆய்வகம் அலமாரியிலிருந்து இறக்கிய பழைய புட்டிகளும் லாரியேறி நெகிரி செம்பிலானின் தோட்டக்காட்டுக்கு நடுவே வந்து இறங்குகின்றன.

அப்படி வரும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு குறியெண் உண்டு. 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவுகள் விதிமுறைகள் கழிவை 77 வகையாகப் பிரித்திருக்கின்றன. எஸ்டபிள்யூ 430 என்றால் காலங்கடந்த ஆய்வக ரசாயனம். எஸ்டபிள்யூ 409 என்றால் ரசாயனமோ பூச்சிக்கொல்லியோ படிந்த காலிக் கலன்கள். கழிவை உண்டாக்கியவர் 180 நாளுக்கு மேல் அதைத் தம்மிடம் வைத்திருக்கக் கூடாது. எவ்வளவு உண்டானது, எங்கே வைக்கப்பட்டது, யாரிடம் போனது என்ற கணக்கை மூன்று ஆண்டுகள் காட்டத் தயாராக இருக்க வேண்டும். லாரி ஓட்டுபவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். அனுப்பியவர், ஏற்றிவந்தவர், பெற்றுக்கொண்டவர் மூவரும் அதில் ஒப்பமிட வேண்டும்.

குப்பையான பிறகு ஒரு நஞ்சுக்கு இத்தனை கணக்கு. அது நல்ல சரக்காக இருந்தபோது, ஒரு பெண்ணின் முதுகில் பம்ப்புக்குள் குலுங்கிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆராய்ச்சி மாணவரின் மேசையில் மூடி திறந்திருந்தபோது, அதே அளவு கணக்கு இருந்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நெகிரி செம்பிலானில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தோட்டங்களும் பல்கலைக்கழகங்களும் அடுத்தடுத்து இருக்கும் மாநிலம் இது. நீலாயில் அரசுப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகங்களும், கோலப்பிலாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் இருக்கின்றன. சாலையில் கொஞ்ச தூரம் போனால் செம்பனை தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் மருந்து அடித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஆய்வகங்களில் வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் சட்டம் ஒன்றே. இரண்டு இடத்திலும் அது மீறப்படும் விதமும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் தோட்டம்.

ரப்பர் தோட்டத்தை ரசாயனக் கிடங்கு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பால் ஸ்டோரில் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் இருந்தது. உறையாமல் காக்க அம்மோனியா இருந்தது. மரத்தில் பால் கூடுதலாகச் சுரக்க எத்திஃபோன் தடவினார்கள். லாலான் புல்லை அழிக்க 1960கள் வரை பெருமளவில் பயன்பட்டது சோடியம் ஆர்சனைட், அதாவது ஆர்சனிக் உப்பு. அது புல்லோடு நிற்பதில்லை. அந்தப் புல்லை மேய்ந்த மாட்டையும் தெளித்த மனிதரையும் தேடி வரும். அதன் இடத்தை 1960களில் பாராகுவாட் பிடித்தது. 1962இல் ஐசிஐ நிறுவனம் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தக் களைக்கொல்லியைத் தோட்டத்து மக்கள் அதன் வணிகப் பெயரான கிராமாக்சோன் என்றே அறிவார்கள். பொதுவாகச் சொன்னால் புல்லு மருந்து. காலையில் அடித்தால் அடுத்தடுத்த நாளிலேயே புல் கருகிக் கிடக்கும். நிர்வாகத்துக்கு அது வரம். நுரையீரலில் போய்ச் சேரும் அந்த நஞ்சுக்கு முறிமருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மருந்து அடிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. பால்மரம் வெட்டும் வேலையைவிடக் கூலி குறைவு. ஆனால் தினமும் கிடைக்கும். தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பல ஆண்டுகள் இதைச் செய்தார்கள். பம்ப்பில் கசிவு இருந்தால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகம் நனையும். கையுறையும் முகமூடியும் கொடுத்த தோட்டங்களிலும், அந்த வெயிலில் ரப்பர் கையுறைக்குள் வியர்வை நிரம்பிய கையோடு எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியாமல் கழற்றிப்போட்டவர்கள் உண்டு. நகம் நிறம் மாறி விழுவது, மூக்கில் ரத்தம் வடிவது, தோல் உரிவது, கண் எரிவது எல்லாம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பார்த்துப் பழகிப்போன காட்சிகள். பழகிப்போனதுதான் கொடுமை.

இங்கே கணக்குப் புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீஸில் கணக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தோட்டம் என்பது கணக்கால் நடந்த அமைப்பு. மருந்து ஸ்டோருக்கு ஒரு புத்தகம் இருந்தது. எத்தனை கேன் வந்தது, இன்று எத்தனை லிட்டர் எந்த நிரைக்குப் போனது, மீதம் எவ்வளவு என்று கிராணி எழுதிவைப்பார். மருந்து விலை அதிகம். ஒரு லிட்டர் குறைந்தாலும் மேலிருந்து கேள்வி வரும். இரண்டாவது புத்தகம் செக்ரோல். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, யார் வேலைக்கு வந்தார், எந்த வேலை, முழு நாளா அரை நாளா என்று குறித்தார்கள். சம்பளம் அதைப் பார்த்துத்தான். மூன்றாவது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் வைத்திருந்த நோட்டு. யார் எதற்காக வந்தார், என்ன கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். சொறிக்குக் களிம்பு, தலைவலிக்கு மாத்திரை.

முதல் புத்தகத்தில் நஞ்சின் பெயர் இருந்தது, அதைத் தொட்டவரின் பெயர் இல்லை. இரண்டாவதில் தொட்டவரின் பெயர் இருந்தது, நஞ்சு இல்லை. மூன்றாவதில் நோய் இருந்தது, காரணம் இல்லை. மூன்றும் ஒரே தோட்டத்தின் சொத்து. சில கஜ தூரத்துக்குள் இருந்த அலமாரிகளில் அவை கிடந்தன. மூன்றையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் பார்க்க வேண்டும் என்று எந்த நிர்வாகத்துக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தால், எந்தப் பெண் எத்தனை ஆண்டுகளில் எத்தனை நாள் பாராகுவாட் அடித்தார், அந்த ஆண்டுகளில் எத்தனை முறை மூக்கில் ரத்தம் வடிந்து டிரெசரிடம் போனார் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தவர்கூடச் சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சி நிலையம் தேவையில்லை, வெளிநாட்டு நிபுணரும் தேவையில்லை.

அந்த வேலையைக் கடைசியில் வெளியார்தான் செய்தார்கள். 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களிடம் நேரடியாகக் கேட்டு ஓர் ஆய்வை 2002இல் வெளியிட்டது. என்ன மருந்து, எத்தனை காலம், உடம்பில் என்ன என்ற மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கேட்டதுதான் அந்த ஆய்வின் பலம். அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியப் பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழிப்பதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. செலவு கூடும், மாற்று மருந்து போதாது என்ற வாதங்கள் வென்றன. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஸ்வீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் இதை நிறுத்திவிட்டன. இலங்கை 2008இல் தொடங்கி சில ஆண்டுகளில் பாராகுவாட்டையும் வேறு இரண்டு மருந்துகளையும் விலக்கியது. அங்கே நஞ்சுண்டு இறப்போர் தொகை அதன்பின் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. நம் பெண்கள் 2002க்கும் 2020க்கும் இடையில் பதினேழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். நிர்வாகங்களின் கையில் மூன்று புத்தகங்களையும் இணைத்த ஒரே பதிவேடு இருந்திருந்தால், சான்று போதாது என்று சொல்லி அத்தனை ஆண்டுகள் ஓட்டியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் இதை உணராமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000இல் ஒரு விதிமுறை வந்தது. சுகாதாரத்துக்குக் கேடான ரசாயனங்களைப் பயன்படுத்தும் எந்த முதலாளியும் அவை அனைத்தையும் கண்டறிந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் நடப்பிலுள்ள பாதுகாப்புத் தகவல் தாள், மாதத்துக்கோ ஆண்டுக்கோ சராசரியாக எவ்வளவு புழங்குகிறது, எந்த வேலையில், எந்த இடத்தில், யாரிடம் வாங்கியது என்பவையும் வேண்டும். அதைவிட முக்கியமான ஒரு வரி அதில் இருக்கிறது: அந்த ரசாயனத்துக்கு ஆளாகும் எந்தத் தொழிலாளியும் பதிவேட்டைப் பார்க்கும்படி அது இருக்க வேண்டும். ஆபத்தை மதிப்பிடும் அறிக்கை, காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த கணக்கு, மருத்துவக் கண்காணிப்பு ஏடு ஆகியவை 30 ஆண்டுகள் காக்கப்பட வேண்டும். குப்பைக்கு மூன்று ஆண்டு, மனித உடம்புக்கு முப்பது ஆண்டு. சில நோய்கள் வெளியே தெரியவர அவ்வளவு காலம் ஆகும் என்பதால்தான் அந்த எண்.

தோட்டத்து மூன்று புத்தகங்களையும் ஒன்றாகக் கட்டிய சட்டம் இது. எழுதியவர்கள் யாராக இருந்தாலும் நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் என்ன ஆனது? பதிவேடு பெரும்பாலும் ஆபீஸ் அலமாரிக்குப் போய்விட்டது. அதிகாரி வரும் நாளில் வெளியே வந்து, அவர் போனதும் உள்ளே போகும் ஏடு அது. மருந்து கலக்குபவர் அதைக் கேட்டுப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதாக அவரிடம் யாரும் சொன்னதுமில்லை.

இன்று மருந்து கலக்குபவர் யார் என்பதும் மாறிவிட்டது. பல தோட்டங்களில் அந்த வேலை இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர் கைக்குப் போயிருக்கிறது. எஞ்சிய தமிழர்களில் பலர் குத்தகைக்காரரின் ஆட்கள். ரசாயன முத்திரையும் தகவல் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் விதி. வங்காள மொழி மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தாள் வெறும் தாள். அதிலும் குத்தகைக்காரர் மருந்தைப் பெரிய கேனிலிருந்து சின்னப் புட்டிக்கு மாற்றிக் கொண்டுவந்தால், எந்த மொழியிலும் முத்திரை இருக்காது. பாராகுவாட் போய் கிளைஃபோசேட்டும் குளுஃபோசினேட்டும் வந்தன. எந்தப் புட்டியில் எது என்பது அதை ஊற்றியவருக்கு மட்டுமே தெரியும். அவரும் அடுத்த மாதம் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வருவோம். படித்தவர்கள் இருக்குமிடம் என்பதால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில், ரசாயனங்களைப் பதிவில் வைப்பதற்கு ஆய்வகத்தைவிடக் கடினமான இடம் குறைவு. தோட்டத்து மருந்து ஸ்டோரில் பத்து பதினைந்து சரக்கு இருக்கலாம். ஒரு வேதியியல் துறையில் ஆயிரக்கணக்கான புட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் நூறு கிராம், ஐந்து கிராம் என்ற அளவில். ஒவ்வொரு பேராசிரியரும் தம் ஆராய்ச்சி நிதியில் தனித்தனியாக வாங்குவார். அடுத்த அறையில் அதே ரசாயனம் திறக்கப்படாமல் இருப்பது தெரியாமல் இன்னொருவரும் வாங்குவார். முதுகலை மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போகும்போது, அவர் கைப்பட எழுதிய சுருக்கக் குறி மட்டும் புட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது என்ன கலவை என்பது அவர் மண்டையில் இருந்தது. அவரோ இப்போது வேறு நாட்டில்.

பழைய புட்டி வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதோடு நிற்பதில்லை. ஈதர் வகைக் கரைப்பான்கள் காற்றுப் பட்டுப் பட்டு பெராக்சைடாக மாறும். காலங்கடந்த புட்டியின் மூடியைத் திருகுவதே வெடிப்புக்குப் போதும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அமைதி, காய்ந்துவிட்டால் வெடிமருந்து. 2016இல் பிரிட்டனில் நடந்ததை இங்கே நினைக்கலாம். பள்ளி ஆய்வகங்களில் சாதாரணமாக இருக்கும் டைநைட்ரோஃபினைல்ஹைட்ரசீன் என்ற பொருள் காய்ந்துபோனால் ஆபத்து என்று எச்சரிக்கை வந்ததும், பள்ளிகள் அலமாரிகளைத் திறந்து பார்த்தன. நூற்றுக்கணக்கான இடங்களில் ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவை அழைக்க வேண்டியதாயிற்று. அந்தப் புட்டிகள் அன்று காலையில் புதிதாக வந்தவை இல்லை. ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளின் தலைக்கு மேலே தட்டில் இருந்தவை. எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பெயர் வரிசைப்படி அடுக்கினால் ஒழுங்கு என்று நம்பும் ஆய்வகங்களும் உண்டு. அகரவரிசைக்கு வேதியியல் தெரியாது. எளிதில் தீப்பற்றும் கரைப்பானையும் தீயை ஊட்டும் நைட்ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் அது கொண்டுபோய் வைக்கும். தோட்டத்து ஸ்டோரிலும் இதே சங்கதிதான்: உர மூட்டை ஒரு பக்கம், டீசல் பீப்பாய் மறுபக்கம். நல்ல பதிவேடு என்றால், எது எங்கே இருக்கிறது என்பதோடு எது எதன் அருகே இருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு, கடைக்குக் கடை மாறும் என்பதால், உலகெங்கும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் வழங்கப்பட்டிருக்கும் சிஏஎஸ் எண்ணை எழுதுவதே பாதுகாப்பான வழி. பாராகுவாட் டைகுளோரைடு எந்தப் பெயரில் எந்தக் கேனில் வந்தாலும் 1910-42-5 தான். ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடப்பவருக்காக, பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தை மருத்துவர் அழைக்கும்போது, அந்த ஓர் எண் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும். 1984இல் போபாலில் மருத்துவர்கள் எந்த வாயுவுக்கு மருத்துவம் பார்க்கிறோம் என்று தெரியாமல் தவித்த இரவையும், 2019 மார்ச்சில் ஜோகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களையும் மறந்துவிட முடியாது.

ஆய்வகத்தில் இருப்பவர் யாருடைய ஆள் என்பது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசியில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் தீக்காயமடைந்து, 18 நாள் கழித்து இறந்தார். ஆய்வகக் கோட்டு அவர் அணிந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மீதும் பேராசிரியர் மீதும் குற்ற வழக்கு வந்தது. வழக்கு வர முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பது. மாணவியாக இருந்திருந்தால் அங்குள்ள தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அவரைத் தொட்டிருக்காது. 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அதிவேகக் காற்றியக்க ஆய்வகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். நால்வரும் அங்கே பணிபுரிந்த ஒரு தனியார் நிறுவனத்தின் ஆட்கள். கழகத்தின் ஊழியர்களும் இல்லை, மாணவர்களும் இல்லை.

இதைப் படிக்கும்போது தோட்டத்துக் குத்தகை ஆள் நினைவுக்கு வராமல் போவதில்லை. மலேசியச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு படி முன்னால் நிற்கிறது. குத்தகைக்காரரின் தொழிலாளியையும் முதலாளி தம் தொழிலாளியாகவே கருத வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தொழிலாளி அல்லாதவரின் பாதுகாப்புக்கும் 17ஆம் பிரிவில் பொறுப்பு உண்டு. மாணவர் அதற்குள் வருவார். ஆனால் பதிவேட்டைத் திறந்துகாட்டும் கடமை தொழிலாளியைக் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது. நாள் முழுவதும் கரைப்பானை முகர்ந்துகொண்டிருக்கும் முதுகலை மாணவருக்கு, மருந்து ஸ்டோர்க்காரருக்கு இருக்கும் உரிமைகூடத் தெளிவாக இல்லை. 2024 ஜூன் 1 முதல் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்து, ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்புக்கென ஒருவரை நியமிக்க வேண்டும் என்றாகிவிட்டது. முதலாளி கடமை தவறினால் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. இவ்வளவு திருத்தியவர்கள், மாணவர் பெயரையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

பட்டியல் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது அதிகாரிகளுக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறார்கள், நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாளில் இருந்தது, அகற்றும் கடமை எந்த ஒரு மனிதரின் பெயரிலும் இல்லை. ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் நேரே ஒரு மனிதரின் பெயர் வேண்டும். அவர் வேலையைவிட்டோ பட்டம் பெற்றோ போகும் நாளில், இன்னொருவர் ஒப்பமிட்டு ஏற்றுக்கொள்ளாமல் அவருக்குக் கடைசிச் சம்பளமோ விடுவிப்புத் தாளோ கிடைக்கக் கூடாது. கடுமையாகத் தோன்றலாம். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பித்தராத மாணவரைப் பட்டமளிப்புக்கு விடாமல் நிறுத்தும் பல்கலைக்கழகங்கள், சயனைடு புட்டிக்கு அதே கண்டிப்பைக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

தோட்டத்தில் செய்யக்கூடியது இதைவிட எளிது. ஸ்டோர் புத்தகத்தில் கூடுதலாக ஒரு பத்தி: இன்று இந்த மருந்தைக் கலக்கியவர், அடித்தவர் பெயர்கள். அவ்வளவே. அந்த ஒரு பத்தி வந்துவிட்டால் ஸ்டோர் புத்தகமும் செக்ரோலும் ஒன்றாகிவிடும். கதவின் உட்புறம், அங்கே வேலை செய்பவர்கள் படிக்கும் மொழிகளில், இருக்கும் மருந்துகளின் பட்டியலும் ஆபத்துக் குறிகளும் நஞ்சு மையத்தின் எண்ணும் ஒட்டப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு மண்டோர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதற்கு நாள் குறிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. ஜெம்போல் மாவட்டத்தின் ஃபெல்டா நிலங்களிலும், பகாவ், ரந்தாவ், லிங்கி பக்கத்துச் சிறு தோட்டங்களிலும் செம்பனை வைத்திருப்பவர்களின் கொட்டகைகளைத் திறந்தால், தடை செய்யப்பட்டு ஆண்டுகள் ஆன மருந்துகளின் மிச்சம் எத்தனை கேனில் கிடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பெரிய கம்பெனிக்கு லாரி வரும், குறியெண் வரும், புக்கிட் பெலண்டோக்குக்குப் போகும். மூன்று ஏக்கர்க்காரர் அரைக் கேன் பாராகுவாட்டை என்ன செய்வார்? அப்படியே வைத்திருப்பார், அல்லது வாய்க்காலில் ஊற்றுவார். காலிக் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பவரும் உண்டு. நீலாயிலும் கோலப்பிலாவிலும் வேதியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள், சுற்றுச்சூழல் துறையின் ஒத்துழைப்போடு, பேராசிரியர் துணையுடன் இந்தக் கொட்டகைகளுக்குப் போய்ப் பட்டியல் எடுக்கலாம். சேகரித்துக்கொடுக்கும் வேலை அவர்களுக்கு வேண்டாம். அது உரிமம் பெற்றவர்கள் செய்ய வேண்டியது. எங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தாலே பாதி வேலை முடியும். தம் ஆய்வகத்தின் பதிவேட்டை ஏன் ஒழுங்காக வைக்க வேண்டும் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேதான் விளங்கும்.

இன்னும் ஒன்று, இதில் அவசரம் இருக்கிறது. இந்த மாநிலத்துத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. சிரம்பானையும் நீலாயையும் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி என்ற மூன்று பெரிய தோட்ட நிறுவனங்கள் ஒன்றாயின. ஆபீஸ் கட்டடங்கள் இடிந்தன, டிரெசர் இல்லாமல் போனார், ஆட்கள் நாலா திசையும் சிதறினார்கள். 30 ஆண்டு காக்க வேண்டும் என்ற அந்த ஏடுகள் இன்று எந்தக் கிடங்கின் எந்த அட்டைப்பெட்டியில் இருக்கின்றன என்று, அவற்றில் பெயர் உள்ளவர்களுக்குத் தெரியாது. 2000இல் விதிமுறை வந்தபோது கண்காணிப்புக்கு உட்பட்டு, சில ஆண்டுகளிலேயே தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களின் ஏடுகள் 2030களின் தொடக்கத்தில் முப்பதாண்டைக் கடக்கும். அதன்பின் அவற்றைக் கிழித்துப்போடுவதில் குற்றம் இல்லை. அப்போது மருந்து அடித்த பெண்களுக்கு எழுபது வயது நடக்கும். மூச்சிரைப்புக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்கள். என்ன வேலை செய்தீர்கள், எந்த மருந்து, எத்தனை வருஷம் என்று இளம் மருத்துவர் கேட்பார்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை இப்போதே ஓர் உத்தரவு போடலாம்: முப்பதாண்டு முடிந்த எந்த ரசாயனப் பதிவேட்டையும் மருத்துவ ஏட்டையும், அதில் பெயருள்ள தொழிலாளிக்கோ குடும்பத்துக்கோ ஒரு படி கொடுக்காமல் அழிக்கக் கூடாது. தோட்ட நிறுவனங்கள் தங்களிடம் இருக்கும் ஏடுகளின் பட்டியலைத் துறைக்குத் தர வேண்டும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடம் பழைய உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும். ஆட்களைத் தேடிப்பிடிக்க அது உதவும். ஏடுகளைப் படமெடுத்துச் சேமிக்கும் வசதி இந்த மாநிலத்துப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கிறது.